லட்சுமியின் சிவப்புப் பை

“ஏறு சனியனே, ஏறித் தொலை” என்று ஜெகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான்.

சாத்தம் ஜெட்டியில் அக்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் போகும் போட் இன்ஜினைக் கிளப்பிவிட்டது. ஆடு பலகையில் கால் வைக்க மறுத்தது. திருடுகிறவனின் அவசரம் ஆட்டுக்குப் புரிவதில்லை.

ஆட்டின் பெயர் லட்சுமி. அறுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலத்தில் போர்ட் பிளேயரில் அவளைத் தெரியாதவர் இல்லை. மெட்ராஸ் கப்பல் இன்று வரும், நாளை வரும் என்று துறைமுக ஆபீசில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பலிடம்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கடைகளில் பால் பவுடர் டின் கண்ணில் படவில்லை. இருந்த மாடுகளும் கோமாரியில் படுத்துவிட்டன. டெய்ரி ஃபார்ம் என்று பெயர் வைத்த பேட்டையில், பெயருக்குக் குறை வராமல் பால் வைத்திருந்தவர் சொக்கலிங்கம் ஒருவர்தான்.

ஒரே ஆடு. அதை வைத்துக்கொண்டு அவர் பக்கத்து ஷாதிபூர் முழுக்கப் பால் ஊற்றினார். கப்பல் தள்ளிப்போகப் போக விலையை ஏற்றினார். ஏன் என்று கேட்டால், “அவ என்ன தின்னுறான்னு தெரியுமா ஒங்களுக்கு?” என்பார். பி.ஏ. படித்த குமாஸ்தாக்கள்கூடத் தலையாட்டிவிட்டுச் சொம்பை நீட்டினார்கள். ஓர் ஆடு எத்தனை சொம்பு கறக்கும் என்று கணக்குப் பார்க்க அந்தப் படிப்பு போதவில்லை.

லட்சுமியின் மடியை எப்போதும் ஒரு சிவப்பு வெல்வெட் பை மூடியிருக்கும். ஊர்ப்பக்கம் குட்டி குடித்துவிடாமலிருக்கத் துணிப்பை கட்டுவார்கள். சொக்கலிங்கம் கண் படாமலிருக்கக் கட்டினார். கறப்பதும் கதவைச் சாத்திக்கொண்டுதான்.

ஜெகநாதனுக்குப் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் டீக்கடை. பால் இல்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏம்ப்பா, இது டீயா, கஷாயமா?” என்று கேட்டவர்கள் மறுநாள் வாயைக் கட்டிக்கொண்டு போட் ஏறி, சாத்தம் கரைக்கு வந்து டீ குடித்தார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் கடையைப் பூட்டிவிட்டு மனைவி சந்திரமதியோடு கப்பலேறி ஊருக்குப் போக வேண்டியதுதான். அதற்கும் கப்பல் வர வேண்டுமே.

பால் கேட்டுப் போனபோது, “ஒனக்குக் குடுத்துட்டா ஷாதிபூருக்கு என்னத்த ஊத்துவேன்? கப்பல் வரட்டும் தம்பி” என்று சொக்கலிங்கம் கதவைச் சாத்திவிட்டார். பால்தானே இல்லை என்றார். ஆடு இல்லை என்று சொல்லவில்லையே. இன்று காலை அவர் பால் ஊற்றக் கிளம்பியதும், வாசலில் டின்களில் வரிசையாக வைத்திருந்த குரோட்டன்ஸ் செடிகளைத் தாண்டிக் கொல்லைக்குள் நுழைந்து, ஜெகநாதன் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

“ருக்கோ. ஜெகநாதா, நில்லு.”

ஏட்டு ஜெயராமன். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்; அவர் தமிழ் பேசக் கிளம்பினால் பாதி வழியில் இந்தியும் ஏறிக்கொள்ளும்.

“லால் பை. சொக்கலிங்கம் ஆடு இல்லே இது?”

“என்னுதுங்க ஏட்டய்யா. மச்சான் வாங்கிக் குடுத்தான்.”

“அச்சா. பையும் மச்சானே தெச்சுக் குடுத்தானா?”

கூட்டம் சிரித்தது. ஜெகநாதனின் கெட்ட நேரம், சொக்கலிங்கமே பால் கேனோடு ஜெட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

“சொக்கலிங்கம் பாய், இதர் ஆவ். ஒங்க ஆடுதானே இது?”

சொக்கலிங்கம் ஆட்டைப் பார்த்தார். ஜெகநாதனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

“சரி, சீதா, நேரான வழி ஒண்ணு இருக்கு” என்றார் ஜெயராமன். “பழகின கைக்குத்தான் ஆடு பால் விடும். ரெண்டு பேரும் கறங்க, பாத்துடலாம். என் பொண்ணு குடிக்கறதும் லட்சுமி பால்தான். நானும் ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேன்.” குனிந்து பையின் முடிச்சில் கை வைத்தார்.

ஜெகநாதன் கணக்குப் பார்த்தான். கடை போனது போகட்டும். இனி லாக்கப்புக்குச் சந்திரமதி சோறு கொண்டு வர வேண்டும்.

“தொடாதீங்க” என்றார் சொக்கலிங்கம். “இது என் ஆடு இல்லே.”

“க்யா?”

“லட்சுமி வீட்டுல கட்டிக் கெடக்கா. இப்பத்தான் கறந்துட்டு வர்றேன், கேனைத் தொட்டுப் பாருங்க. இது தம்பி ஆடுதான். பாவம், போகட்டும் விடுங்க.”

ஏட்டு வெட்கப்பட்டுப் போனார். “மாஃப் கர்னா, மன்னிச்சுக்கோ” என்று சொல்லி, ஆட்டைத் தானே தூக்கி போட்டில் விட்டார். திருட்டுக்குப் போலீஸே சுமை தூக்கியதை ஜெகநாதன் அன்றுதான் பார்த்தான்.

அக்கரை போகும் வரை அவனுக்கு வியப்பு ஆறவில்லை. பெற்ற பிள்ளைபோல் வளர்த்த ஆட்டை இல்லையென்று சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும். கடைக்கு ‘சொக்கலிங்கம் டீ ஸ்டால்’ என்று பெயர் வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தான்.

வீட்டில் சந்திரமதி வெந்நீரும் சொம்புமாகக் காத்திருந்தாள். விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டு பையை அவிழ்த்தாள்.

பொலபொலவென்று தேங்காய் நார் கொட்டியது.

அவள் குனிந்து பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். சொம்பை ஓரமாக வைத்தாள்.

“ஏங்க, அவர் வீட்டுல பால் பவுடர் டின்னு ஏதாச்சும் கெடந்துதா?”

ஜெகநாதனுக்கு அந்தக் குரோட்டன்ஸ் வரிசை கண்ணில் வந்து நின்றது. ஒரு டின்னிலும் துரு இல்லை. இந்த அடைமழையிலும் லேபிள்கூட உரியவில்லை.

மழைக்காலம் முழுக்க ஷாதிபூருக்குப் பால் கொடுத்த லட்சுமி, ஒரு காயடித்த கிடா.