வெட்டுப்பட்ட ஓரம்

நீளமான படத்தை எட்டுக்குப் பத்து ஃப்ரேமில் நிரப்பினால் ஓரம் வெட்டுப்படும். இதைச் சொல்லிச் சொல்லியே என் ஸ்டூடியோவில் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கைக்குழந்தையோடு வந்த பெண்ணிடமும் சொன்னேன்.

"வலது ஓரத்துல நிக்கிற அந்த வயசான அம்மா வெட்டுல போயிடுவாங்க. முழுசா வேணும்னா மேலயும் கீழயும் வெள்ளை விட்டுப் போடலாம்."

"வெட்டிடுங்கண்ணே. எடுக்கும்போது நானும் அவரும் பாப்பாவும்தான் இருந்தோம்."

வெட்டி, பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் திரும்பி வந்தாள். குழந்தை அவள் கழுத்தில் முகம் புதைத்து, நிமிரவே மறுத்தது.

"வெள்ளை விழுந்தா விழட்டும். அந்த ஓரத்தையும் சேர்த்துப் போட்டுக் குடுங்க."

கம்ப்யூட்டரில் வெட்டாத படத்தைத் திறந்தேன். வலது ஓரத்தில் வெறும் சுவர்.

"இதுல யாரும் இல்லையேம்மா."

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள்.

"படத்துல இருந்தவரைக்கும் எங்க நிக்கிறாங்கன்னாவது தெரிஞ்சுதுண்ணே."