புயலின் இன்னொரு கம்ப்யூட்டர்

பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் புயல் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருந்தான். டீ மெஷின் பக்கத்தில் கையில் கப்போடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கத்தரியின் திரையிலோ, அதே நிமிஷத்தில் மும்முரமாக மாடிப்படி வரைந்துகொண்டிருந்தான்.

மாட்டினான் பயல். கத்தரிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

கத்தரி என்பது ஆபீசில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்த பெயர். கட்டட வரைபடம் போடும் அந்தக் கம்பெனியில் யார் எந்தக் கிளவுட் சாப்ட்வேரை எத்தனை மணி நேரம் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று கண்காணிப்பது அவர் வேலை. முப்பது நாள் ஒருவர் திறக்கவில்லையென்றால் அந்த லைசென்ஸை வெட்டிவிடுவார். வீட்டிலிருந்தபடி இதே கம்பெனிக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த சொந்த மனைவியைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

போன வருஷம் அவருடைய அம்மாவின் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்ததில், அவள் முப்பத்தொரு நாள் சாப்ட்வேர் பக்கம் வரவில்லை. வெட்டிவிட்டார். "புதுசா ஒண்ணு குடுங்களேன்" என்று கேட்டாள். "பொண்டாட்டிக்கு மட்டும் சலுகைன்னு நாலு பேர் பேசவா?" என்றார். "சரி விடுங்க, நான் படத்தைச் சரிபார்க்கிற வேலைக்கு மாறிக்கிறேன்" என்று அவளும் முகம் கோணாமல் எழுந்து போய்விட்டாள். இந்தக் கதையை அவர் ஆபீசில் சொல்லாத ஆள் கிடையாது.

புயலுக்கு அந்தப் பெயர் வந்தது, ஒருத்தனே இரண்டு ஆள் வேலை பார்க்கிறான் என்பதால். ஒரு வருஷமாக உபயோகப் பட்டியலில் அவன்தான் முதலிடம். அந்தப் பட்டியலை மாதாமாதம் தயாரிப்பதும் கத்தரிதான் என்பது கொடுமை. மீட்டிங்கில் மேனேஜரம்மா "புயலைப் பாருங்க" என்று ஆரம்பித்தாலே அவருக்கு வயிறு எரியும். அவன் சட்டை எரிச்சல், அவன் சிரிப்பு எரிச்சல், அவன் வராத நாளில் நாலு பேர் "எங்க புயலைக் காணோம்?" என்று கேட்பது மகா எரிச்சல். தான் வராத நாளில் யாராவது கேட்டிருக்கிறார்களா?

ஒன்பது வருஷமாக அவர் கண் வைத்திருந்த உதவி மேலாளர் நாற்காலி திங்கட்கிழமை அவனுக்குப் போகப்போவதாகப் பேச்சு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கத்தரி முதலில் அவன் லாகினை மூடினார். பிறகு நாலு தாளை அச்செடுத்துக்கொண்டு மேனேஜரம்மா அறைக்கு நடந்தார். ஓடவில்லை என்றுதான் பெயர்.

"ஒரே லாகின், ரெண்டு கம்ப்யூட்டர் மேடம். ஒண்ணு இங்க, இன்னொண்ணு வெளியில ஏதோ ஒரு வீட்டுல. ஒரு வருஷமா நடக்குது. நம்ம விதிப்படி வேலையை விட்டே தூக்கணும்."

மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த இன்னொருத்தர் யாரு?"

"யாரா இருந்தா என்ன மேடம்? நம்ம கம்பெனி ஆளா இருந்தா சேர்த்து அனுப்பணும். ஆள் பார்த்து விதி போட்டா அது விதியா?"

புயல் வரவழைக்கப்பட்டான். தாள்களைப் பார்த்ததும் மறுக்கவில்லை.

"நான்தான் குடுத்தேன் மேடம். நான் போயிடறேன். அவங்க நம்ம ஆளுதான். லைசென்ஸ் இல்லாம வேலை போயிடுமோன்னு ரொம்ப பயந்தாங்க. எனக்கு வர்ற பேர்ல பாதி அவங்களோடது. அவங்களை மட்டும் விட்டுடுங்க."

"பேரைச் சொல்லு" என்றார் கத்தரி.

புயல் அவரை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "சொல்ல மாட்டேன் சார்."

மாட்டிக்கொண்ட பிறகும் அவனுக்கு நல்லவன் பட்டம். அதைக் கேட்டு மேனேஜரம்மாவின் முகம் இளகுவதைப் பார்த்ததும் கத்தரிக்குப் பொறுக்கவில்லை. தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்த கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு பேரையும் நீக்கறதா எழுதியிருக்கேன் மேடம். இரண்டாவது பேருக்கு இடம் விட்டிருக்கேன். கையெழுத்தைப் போடுங்க, பேரு தானா வரும்."

மேனேஜரம்மா புயலைப் பார்த்தார், விதியைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் மேஜைமேல் இருந்த புயலின் போன் அதிர்ந்தது. திரையில் 'அக்கா' என்று வந்தது. புயலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஓஹோ, அக்காவா? அதான் பேரு வாயில வரமாட்டேங்குது."

"வேணாம் சார். எடுக்காதீங்க."

அவன் கை நீட்டுவதற்குள் கத்தரி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். மற்றொரு கையில் பேனாவைத் திறந்து, கடிதத்தில் விட்டிருந்த இடத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, லாகின் தொறக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர்தான் மறுபடியும் வெட்டியிருப்பாரு."