படகில் விட்ட கை

தமயந்தி ஐந்து வருஷம் காத்திருந்து வாங்கிய வீடியோ கேமின் இரண்டாம் பாகம் அது. முதல் பாகத்தில் வெள்ளத்திலிருந்து அவள் தூக்கிச் சுமந்த சிறுமி இதில் வளர்ந்திருந்தாள். கரையில் நின்று கேட்டாள்: "அன்றைக்குப் படகில் ஏன் என் கையை விட்டாய்?"

தமயந்திக்குப் பகீரென்றது. அவள் விடவேயில்லை. பிறகுதான் உறைத்தது: முதல் பாகத்தில் அமுக்கியதையெல்லாம் கேம் நினைவில் வைத்திருக்கிறது. அன்று படகுக் காட்சி ஓடும்போது, குக்கரை அணைத்துவிட்டு வரும்வரை கன்ட்ரோலரைக் கணவன் குமரேசனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். திரும்பியபோது படகில் சிறுமி இல்லை. கதையே அப்படித்தான் என்று நினைத்து, மூக்கைச் சிந்தியபடி ஆடி முடித்திருந்தாள்.

"ஏங்க, அன்னிக்கு என்னத்த அமுக்குனீங்க?"

"என்னிக்கு?"

"அந்தப் பிள்ளை கையை நீட்டுச்சே, அப்போ."

குமரேசன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏதோ கேட்டுச்சு, எதையோ அமுக்குனேன். கேம்தானே, விடு."

திரையில் மூன்று பதில்கள் இருந்தன: பயந்துவிட்டேன், நினைவில்லை, மன்னித்துவிடு. 'நானில்லை' என்று ஒன்று இல்லவே இல்லை. எதைத் தொட்டாலும் பழி அவள் தலையில்தான். கன்ட்ரோலரை அவன் மடியில் விட்டெறிந்தாள்.

"உங்களைத்தான் கேக்குறா. நீங்களே சொல்லுங்க."

குமரேசன் முதல்முறையாகத் திரையில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தான். கட்டைவிரல் பொத்தான்மேல் போய் அப்படியே நின்றது.

"எதை அமுக்கட்டும்?" என்றான், மெதுவாக.