விலகி நின்ற வளையம்

மலைச்சரிவில் டங்கன் ஓட்டிப்போன, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் நொறுங்கிக் கிடப்பதை மீட்புக் குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்துவிட்டார்கள். காற்று பலமாக வீசியதால் அருகே இறங்க முடியவில்லை.

“மனசைத் தேத்திக்க, ஐலா,” என்றார் ஓமராமா கிளைடர் கிளப்பின் மரே. “விழுந்த வேகத்துக்கு உள்ள இருந்தவன் பிழைச்சிருக்க மாட்டான்.”

ஐலா, கணவன் டங்கன் கடைசியாக அனுப்பிய படத்தைப் போனில் காட்டினாள். கீழே வெள்ளை மேகம். அதன்மேல் கிளைடரின் நிழல். பக்கத்தில் வட்டமாக ஒரு வானவில்.

“வீடு பூரா அவரு எடுத்த படந்தான். எல்லாத்துலயும் கிளைடர் நிழல் இந்த வளையத்துக்கு நடுவுலதான் இருக்கும். இதுல மட்டும் வளையம் கிளைடரைக் கைவிட்டுட்டுத் தள்ளி நிக்குது. பார்க்கப் பார்க்கக் கெட்ட சகுனமாத் தோணுது, மரே.”

போனைப் பிடுங்கிப் பார்த்த மரே, நாற்காலி சரிய எழுந்து ரேடியோவில் கத்தினார்: “மலையை விடுங்கப்பா! கீழ பள்ளத்தாக்குல தேடுங்க!”

“ஐயோ, என்ன ஆச்சு?”

“அந்த வளையம் கிளைடரைச் சுத்தி வர்றதில்ல, ஐலா. படம் எடுக்கிறவன் எங்க இருக்கானோ, அவன் நிழலைச் சுத்தித்தான் வரும். கிளைடர் மலையில மோதுறதுக்கு முன்னாடியே குதிச்சு, பாராசூட்டுல தொங்கிக்கிட்டே படம் எடுத்திருக்கான், படுபாவி!”