பக்தவத்சலத்தின் தயிர்சாதம்

கல்பாக்கம், 2001, பகல் ஒரு மணி. கடையில் இருப்பவர்கள்: மளிகைக்காரர் பக்தவத்சலம், இறால் ஊறுகாய் போடும் பொன்னி, சோப்பு வாங்க வந்த பஸ் டிரைவர் ஜெரோம், இரவு வேலையை விட்டுவிட்டுச் சும்மா திரியும் நான். மேஜையில் பொன்னியின் பன்னிரண்டு பாட்டில்கள். வெயில் பட்டு எண்ணெய் சிவப்பாக மின்னுகிறது. இந்தக் கடையும் வேண்டாமென்றால் அவள் மறுபடி சித்தாள் வேலைக்குத்தான் போகவேண்டும். “நான் கவிச்சி தொடமாட்டேன்மா. ருசி தெரியாத சரக்க இங்க வச்சதில்ல,” என்கிறார் பக்தவத்சலம். “என் நாக்கு கீதே அண்ணாத்த,” என்று ஜெரோம் விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கி நக்குகிறான். பொன்னி அவன் வாயையே பார்க்கிறாள். “வெறுமனே நக்கி இன்னா சொல்றது? சோறு கீதா?” என்கிறான். பக்தவத்சலம் தன் டிபன் டப்பாவைத் திறந்து, விற்பனைக்கு வைத்திருக்கும் தையல் இலை ஒன்றில் பாதித் தயிர்சாதத்தைக் கொட்டுகிறார். பொன்னி இலையோரம் வைக்கும் இறால் டப்பாவில் பட்டுவிடக்கூடாதென்று கையை உயரத் தூக்கிக்கொள்கிறார். ஜெரோம் தொட்டுத் தொட்டுத் தின்கிறான். இலை காலியானதும், “இன்னும் கொஞ்சம் போடேன்,” என்கிறான். “அது என் சாப்பாடுடா,” என்று சொல்லிக்கொண்டே மீதியையும் கொட்டுகிறார். பிறகு அப்பளக் கட்டுகளை நகர்த்தி, பாட்டில்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்குகிறார். “வாரா வாரம் எடுத்துகினு வா. மூடி மட்டும் இறுக்கமா இருக்கணும்.” பொன்னி காலிப் பையை உதறி மடிக்கிறாள். “உனக்குன்னு நார்த்தங்கா போட்டு எடுத்தாறேன், நைனா.” அவர் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, பசியோடு ஓட்டலைப் பார்த்து நடக்கிறார்.