குப்புறப் படுத்த தியாகி

“குப்புறப் படுங்க சார்” என்றாள் டெக்னீஷியன்.

சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் மேஜை மேல் மல்லாந்து கிடந்தவர் தலையைத் தூக்கினார். “ஏம்மா, கிட்னி முதுகுப் பக்கம்தானே இருக்கு? இதுகூடத் தெரியாமலா உன்னை வேலைக்கு வெச்சிருக்காங்க?”

“உங்களுக்கு இப்படித்தான் சார் பண்ணணும். டாக்டரே எழுதியிருக்காரு.”

“பாத்துப் பண்ணும்மா” என்று குறுக்கே வந்தாள் அவர் மனைவி. “இவருக்கு இருக்கறதே ஒத்தைக் கிட்னி. இன்னொண்ணை வெளியூர்ல ரெண்டு மாசம் தங்கி ஒரு சிநேகிதருக்குத் தானமாக் குடுத்துட்டு வந்தாரு. பன்னெண்டு வருஷமாச்சு.”

தியாகி கண்களை மூடிக்கொண்டார். புகழ்ச்சி காதில் விழுந்தால் அந்த முகம் அப்படித்தான் ஆகும்.

பன்னிரண்டு வருடமாக அவர் ஒரு வாளித் தண்ணீர் தூக்கியதில்லை. ஆபீசில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வேறு நடத்தினார்கள். வீட்டில் யாராவது எதிர்த்துப் பேசினால் போதும், சட்டையை விலக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டுவார். விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் வீடே வாயை மூடிக்கொள்ளும்.

டெக்னீஷியன் குழம்பிப்போய் ஸ்கேன் படத்தை எடுத்தாள். “சார், இதுல...”

“படமெல்லாம் எதுக்கும்மா? இதோ படுத்துட்டேன்!” சொன்னதோடு கவிழ்ந்தும்விட்டார். “சீக்கிரம் ஆரம்பி.”

அவர் இவ்வளவு சுலபமாக யார் பேச்சையும் கேட்டு மனைவி பார்த்ததில்லை. இருக்கிற ஒன்றும் போய்விடுமோ என்ற பயத்தில், அவர் “வேணாம், வேணாம்” என்று கத்துவதையும் கேட்காமல் ஓடிப்போய் டாக்டரையே கூட்டி வந்துவிட்டாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். “பயப்படாதீங்கம்மா. பிறவியிலேயே இவருக்கு ரெண்டு கிட்னியும் அடியில ஒட்டி, லாடம் மாதிரி இருக்கு. தாழ்வா, முன்பக்கமா இருக்கறதால வயித்து வழியா அலையை விடணும். அதான் குப்புற.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். இது இடது, இது வலது. எதையும் யாரும் எடுக்கல.”

“அப்போ அந்தத் தழும்பு?”

“அதுவா? குடல்வால் எடுத்தது.”

தியாகி முகத்தை மேஜையில் புதைத்துக்கொண்டார். மனைவி மெல்லக் குனிந்தாள்.

“குடல்வாலுக்கு எதுக்கு ரெண்டு மாசம்? யார் வீட்ல இருந்தீங்க?”