கல்லில் ஒரு பொட்டு

“கையுறை இல்லாம விண்கல்லைத் தொட்டது யாரு, லோகு அண்ணா?”

தாம்பரத்தில் ஒரு கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் புதுப் பொறுப்பாளராக வந்திருந்த ஜீவிதாவுக்குக் கோபம். இரும்பு விண்கல்லில் விரல் பதிந்த இடம் அப்படியே துருப்பிடித்திருந்தது.

“நான்தான் மேடம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன். ஏழு வருசம் ஆச்சு,” என்றார் உதவியாளர் லோகு.

“வேர்வை பட்டாலே துரு பிடிக்கும். இதுல ஈரக் குங்குமம் வேறயா? இன்னிக்கே தேய்ச்சு எடுத்துடறேன்.”

“வோணாம் மேடம். தெனம் பாத்துக்கினுதான் கீறேன். ஒரு நூல்கூடப் பரவல.”

“தப்பை மறைக்கவா இவ்ளோ காவல்? ரிப்போர்ட்டுக்கு ஃபோட்டோ வேணும். பொட்டு வெச்ச விரலைப் பக்கத்துல வைங்க.”

லோகு தயங்கித் தயங்கி வைத்தார். துருத் தடம் அவர் விரல் நுனியில் பாதிகூட இல்லை.

ஜீவிதா நிமிர்ந்து பார்த்தாள்.

“எம் பொண்ணு துர்கா வெச்சது மேடம். அப்ப நாலு வயசு. அடுத்த மாசமே டெங்குல பூட்டா.”

ஜீவிதா துருவைத் தேய்க்க எடுத்திருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். ஈரம் உறிஞ்சும் புதுப் பொட்டலங்களைக் கல்லைச் சுற்றி அடுக்கி, அதன் கண்ணாடிப் பெட்டியை மூடினாள். பிறகு ரிப்போர்ட்டில் எழுதினாள்:

“துரு பரவவில்லை. யாரும் தொடக் கூடாது.”